பையைப் பார்த்துக்கொள்பவர்

நீ போ, நான் பையைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் இங்கர்சால். நேற்றைய கடற்கரையிலும் இதையேதான் சொன்னார், அதற்கு முந்தையதிலும் இதையேதான், எங்கள் முதுகுப்பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே இந்த கிரீட் தீவில் ஆள் போட்டு வைத்திருப்பதுபோல. அப்படி என்னதான் இருக்கிறது அதில்? துவைத்தும் காயாத பனியன்கள், நசுங்கிப்போன ரொட்டி, பருப்புப்பொடி டப்பா, புளிக்காய்ச்சல் பாட்டில், பாட்டில் உடையாமலிருக்க அதைச் சுற்றிய பழைய துண்டு. கரையில் எங்களைத் தவிர இருப்பவர்கள் என்று பார்த்தால் கோடியில் பாறை மறைவில் படுத்திருக்கும் ஒரு வெள்ளைக்கார ஜோடிதான். அவர்கள் மேல் பொட்டுத் துணி இல்லை. திருடினாலும் எங்கே ஒளித்து வைப்பார்கள்? இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். சொல்லலாம். ஆனால் காலையிலிருந்து எனக்கு வாய் திறக்க வரவில்லை. சொல்ல வேண்டியது ஒன்று முன்னால் வந்து நின்றுகொண்டு பின்னால் வருகிற எதையும் விடமாட்டேன் என்கிறது. காலையில் விடுதிக் குளியலறையில், வெளியே ஒரு ஜெர்மன்காரப் பெண் அவசரமாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது, ரத்தம் பார்த்தேன். அவ்வளவுதான். நாள் தள்ளிப்போயிருந்தது, இன்று வந்துவிட்டது. ஊரில் வேறு ஏதாவது ஒரு மாதமாக இருந்திருந்தால் அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்துச் சொல்லியிருப்பேன். இங்கே முடியவில்லை, ஏனென்றால் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதையே நான் அவரிடம் சொல்லவில்லை. இருக்கிறது என்று சொல்லாத ஒன்றை இல்லை என்று எப்படிப் போய்ச் சொல்வது? சொல்லாமலே அவர் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்ட அன்றிலிருந்து அவர் கடலில் கால் வைக்கவில்லை. அதனால்தான் எனக்கு வாய் வரவில்லை.

கடலைக் கண்டால் சும்மா இருக்கிற ஆளா அவர்? லால்குடிக்காரர். கொள்ளிடத்தில் தண்ணீர் ஓடிய காலத்தில் அக்கரைக்கு நீந்திப்போய் வெள்ளரிப்பிஞ்சு பறித்துத் தின்றுவிட்டுத் திரும்பி நீந்தி வந்த கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். பெயர் இங்கர்சால், கருப்புச் சட்டைக்கார அப்பா வைத்த பெயர், அண்ணன் சாக்ரடீஸ், அக்கா ரஷ்யா. கல்யாணத்துக்கு முன்னால் என் அம்மா இந்தப் பெயரை வாயில் நுழைத்துவிட வேண்டுமென்று அடுப்படியில் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், கடைசியில் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுத் தப்பித்துக்கொண்டாள். எங்களுக்கு வைத்தீஸ்வரன்கோயில், அம்பாள் பெயரையே தூக்கி எனக்கு வைத்துவிட்டார்கள், தையல்நாயகி. தாலி இல்லாத கல்யாணம். பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டார், நான் பேரையும் சொல்லி மரியாதையையும் விடாமல் இங்கர்சால் வாங்க, இங்கர்சால் சாப்பிடுங்க என்று இத்தனை வருஷமாக ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். லீவு விட்டால் ஊர் ஊராகப் போய் வெறுங்கையில் திருநீறு வரவழைப்பது எப்படி, நாக்கில் சூடம் கொளுத்துவது எப்படி என்று செய்துகாட்டி, இதில் ஒரு மந்திரமும் இல்லை மாயமும் இல்லை என்று கூட்டத்தைச் சிரிக்கவைப்பார். அந்த ஆள் இப்போது அலை வந்து தொட முடியாத தூரமாகப் பார்த்து, சவுக்கு மாதிரி இருக்கிற ஒரு மரத்தின் நிழலில், இரண்டு பைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தாடி முளைத்து முகமே வேறாகத் தெரிகிறது. தண்ணீர் அடி வரைக்கும் தெரிகிறது, அலை திரும்பும்போது கூழாங்கற்களை உருட்டிக்கொண்டு போகிறது, யாரோ விடாமல் அரிசி களைந்துகொண்டிருப்பதுபோல் ஒரு சத்தம். அடிவயிறு சுண்டி இழுக்கிறது. துண்டைக் கிழித்து மடித்து வைத்திருக்கிறேன், அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியவில்லை. இந்த ஊரில் மத்தியானமானால் கடையெல்லாம் சாத்திவிடுகிறார்கள். எங்களிடம் நாப்கின் பாக்கெட் இருக்கிறது, ஊரிலிருந்தே கொண்டுவந்தது, ஆனால் அது அவர் பையில் இருக்கிறது. என் பையில் இடமில்லை என்று கிளம்பும்போது அவர் வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். கேட்டால் எடுத்துக் கொடுப்பார். கேட்பதும் சொல்வதும் ஒன்றுதான், அதனால் கேட்கவில்லை.

அம்மா சொன்னது ரொம்பத் தயங்கித் தயங்கித்தான். போன வருஷம், நான் முதல் தடவையாக முழுகாமல் இருந்தபோது. மாப்ளைகிட்ட நீயே பக்குவமா சொல்லும்மா, அவரு ஒத்துக்கமாட்டாருன்னு தெரியும், இருந்தாலும் சொல்லிப் பாரு என்றாள். வாயும் வயிறுமாக இருக்கிறவளின் புருஷன் கடலில் குளிக்கக்கூடாது, மலை ஏறக்கூடாது, முடி வெட்டக்கூடாது, சவரம் பண்ணக்கூடாது, பிணம் தூக்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான், எட்டு மாதத் தாடியோடு ஒருவர் பஸ்ஸில் வந்தால் வீட்டில் விசேஷமா என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டுவிடுவார். நான் சொன்னேன், அவர் சிரித்தார், நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். வீம்புக்கு இல்லை, முடி வளர்ந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொல்லிமலை ஏறினார். சுற்றுலாவில் பூம்புகாரில் பிள்ளைகளோடு சேர்ந்து கடலில் ஆட்டம் போட்டார். தன் அப்பாவின் இயக்க நண்பர் ஒருவர் போய்ச் சேர்ந்தபோது பாடை தூக்க நாலாவது ஆளாகத் தோள் கொடுத்தார். ஒவ்வொன்றும் அவர் எப்போதும் செய்கிறதுதான். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் வயிறு பேசாமல் கிடந்தது. காலையில் அசையவில்லை, சாப்பிட்டால் அசையும் என்று சாப்பிட்டேன், இடது பக்கம் திரும்பிப் படுத்தால் அசையும் என்று படுத்தேன். ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு டாக்டரம்மா, இதற்குக் காரணம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது, சிலதுக்கு அப்படி ஆகிறது என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார், அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு சுவரையே பார்த்தபடி நின்றார். அம்மா தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய ஒட்ட வெட்டிய தலையை ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள், பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார், அவர் பார்த்ததை நான் கட்டிலிலிருந்து பார்த்தேன். சின்னதை எரிக்கிற வழக்கமில்லை, புதைக்கத்தான் வேண்டும். துணியில் சுற்றி நர்ஸ் கொண்டுவந்தபோது அவருடைய அண்ணன் கையை நீட்டினார், இவர் விடவில்லை, தானே வாங்கிக்கொண்டு போனார். பிணம் தூக்கக்கூடாது என்கிறார்களே, அதுவும் ஒரு பிணம்தானே. பெண் குழந்தை. தலை நிறைய முடி இருந்தது என்று அவர்தான் வந்து சொன்னார், நான் பார்க்கவில்லை. இடுகாட்டிலிருந்து வந்தால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள், அவருக்கு அந்த வழக்கமெல்லாம் கிடையாது, கையை மட்டும் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நகக்கண்ணில் மண் இருந்தது.

அதற்கப்புறம் வீட்டுக்கு வருகிறவர்கள் ஆறுதல் சொல்ல வந்தார்கள். அது தீர்ந்ததும் வேறு வேலையாக வருகிறவர்கள் போகிறபோக்கில் என் வயிற்றைப் பார்த்து, ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்க ஆரம்பித்தார்கள். விசேஷம். நல்ல வார்த்தை கண்டுபிடித்தார்கள். யாருக்கும் நம்மைத் தெரியாத ஊருக்குப் போவோம் தையல் என்று அவர்தான் சொன்னார், கம்ப்யூட்டரில் ஏதோ மலிவு டிக்கெட் மாட்டியது, எங்கே போகிறது என்று பார்த்தால் கிரீட். உலகப் படத்தில் நான் தேடியபோது பல்லி மாதிரி கிடந்தது. ஓட்டல் கீட்டலெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது, முதுகில் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே ஒரு சுற்று சுற்றிவிடலாம், அடுக்குக் கட்டில் போட்ட விடுதிகளில் படுத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டார். அப்படித்தான் படுக்கிறோம். அவர் மேல் கட்டில், நான் கீழ்க்கட்டில், சுற்றிலும் யார் யாரோ, ஒருத்தன் குறட்டை, ஒருத்தியின் ஈரத்துணி என் முகத்துக்கு நேராகத் தொங்குகிறது. அந்த அறையில் தமிழில் எதை வேண்டுமானாலும் உரக்கச் சொல்லலாம், ஒரு ஆளுக்கும் புரியாது. ஆனாலும் சொல்லவில்லை. நாள் தள்ளிப்போனது வந்த புதிதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. பயணத்தில் தள்ளிப்போவது உண்டு, விமானம், தூக்கம், சாப்பாடு எல்லாம் மாறினால் அப்படி ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் அது நிஜமாகிவிடும், நிஜமானால் அது போகவும் கூடும். சொல்லாமல் வைத்திருந்தால் போவதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம், போகிறது போகத்தானே செய்கிறது, இதோ.

முதலில் மலைதான். இந்தத் தீவின் மேற்கில் நடு முதுகு மாதிரி வெள்ளை மலைகள் என்று ஒரு வரிசை, மே மாதத்திலும் உச்சியில் பனி. அதில் ஏறுவதற்காகவே ஊரில் மொட்டை மாடிப் படியில் தினமும் பையில் செங்கல்லை வைத்துக்கொண்டு ஏறி இறங்கினார், பக்கத்து வீட்டுக்காரர் வீடு கட்டுகிறீர்களா சார் என்று கேட்டார். அப்படிப்பட்டவர் அடிவாரத்து ஊருக்கு வந்ததும் முட்டி வலிக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். நான் தைலம் தேய்த்துவிட்டேன், நல்ல முட்டிதான். அப்புறம் கடல். பைக்கு யார் காவல் என்று ஆரம்பித்தார். அப்புறம் படகு. தெற்குக் கரையில் ஊருக்கு ஊர் படகு போகிறது, சல்லிசு, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இவர் மலையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில்தான் போக வேண்டும், பஸ்ஸில்தான் ஊரைப் பார்க்க முடியும் என்று பிடிவாதம் பிடித்தார். அப்புறமும் எனக்கு உறைக்கவில்லை. ஹானியா என்கிற ஊரில் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்து, ஒரு முடிதிருத்துகிறவர் கடை வாசலில் நின்று வாருங்கள் என்று கையைக் காட்டினார். இவர் தாடையைத் தடவிக்கொண்டு அந்தக் கண்ணாடியில் தன்னை ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு தலையை ஆட்டிவிட்டு நடந்தார். தினமும் சவரம் செய்யாவிட்டால் முகம் அரிக்கிறது என்கிற மனுஷன். அந்தச் சந்திலேயே எனக்கு எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்துகொண்டது, மலை, கடல், படகு, முடி. அவர் தினமும் காலையில் பையைக் கொட்டி மறுபடி அடுக்குகிறார், பாரம் சரியாக உட்கார வேண்டுமாம். ஒவ்வொரு நாளும் அந்த பாக்கெட் பிரிக்காமல் அப்படியே இருப்பதை எடுத்து வைத்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார். கேட்கவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருக்கிறார். கேலி செய்யலாமா என்று வந்தது, என்ன வாத்தியாரே, கருப்புச் சட்டையை ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டீர்களா என்று. செய்திருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்கும். வாய் வரவில்லை. அம்மாவுக்குக் கோயில் இருக்கிறது, உப்பும் மிளகும் வாங்கிப் போடுவாள், குளத்தில் வெல்லம் கரைப்பாள், அழுவதற்கு ஒரு தூண் இருக்கிறது. இவருக்குக் கும்பிட ஒரு சாமிகூடக் கிடையாது. செய்யக்கூடாது என்று சொன்னதைச் செய்யாமல் இருப்பது ஒன்றுதான் அவரால் முடியும். நம்பாமலேயே செய்யாமல் இருக்கிறார். அம்மாவின் அந்த ஒரு பார்வையை அவர் இவ்வளவு தூரம், கடல் தாண்டி, முதுகில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, அதற்குப் பதிலாக ஆரஞ்சு வாங்கலாமா என்று கேட்டேன்.

ஆரஞ்சு என்றதும் அந்த அம்மாள் ஞாபகம் வருகிறது, ஹானியா விடுதியை நடத்துகிறவள், ஆர்கிரோ என்று பேர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், சுருட்டுத் தலை. ஆங்கிலம் பாதி, கை பாதியாகப் பேசுவாள். படிக்கட்டில் பெரிய பையோடு நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, யாருக்கும் நம்மைத் தெரியாத ஊரிலும் அந்தக் கேள்வி வந்துவிட்டது. கையைத் தொடை உயரத்துக்குத் தாழ்த்திக் காட்டி, குழந்தைகள் உண்டா என்றாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், எனக்கு அது பழகிப்போன வார்த்தை, நாக்கு நுனியிலேயே இருக்கும். அதற்குள் இவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். ஒன்று. ஆர்கிரோ சந்தோஷப்பட்டு, ஆணா பெண்ணா என்றெல்லாம் கேட்காமல், உள்ளே போய் இரண்டு ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பொய்க்குத் துப்புவதுபோல் என் பக்கமாகத் தூ தூ தூ என்றாள். கண்பட்டுவிடக்கூடாதாம், எங்கள் ஊர் மாதிரியே. இவர் அதையும் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார். அந்த விரல் எந்தக் குழந்தைக்கு என்று நான் கேட்கவில்லை. முடி நிறைய இருந்தவளுக்கா, பாக்கெட் பிரிக்காமல் இருப்பதால் மட்டும் இருக்கிறதாக நினைத்த இதற்கா? இப்போது நினைத்தால் அன்றைக்கே கேட்டிருக்கலாம் என்று இருக்கிறது. இன்று காலை பஸ்ஸில் வரும்போது அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன், முன்சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு ஒரு சின்னக் கூண்டு நிற்கிறது, கால் முளைத்த தபால்பெட்டி மாதிரி, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு படம், ஒரு விளக்கு. வண்டி உருண்டு யாராவது போய்விட்டால் அந்த இடத்தில் வீட்டுக்காரர்கள் கட்டி வைப்பதாம், தப்பித்தவர்களும் நன்றிக்குக் கட்டுவதுண்டாம். இவர் எங்கோ படித்துவிட்டுச் சொன்னார். வழக்கமாக இப்படி ஒன்றைப் பார்த்தால் ஒரு பிரசங்கம் கேட்க வேண்டியிருக்கும், இன்று பிரசங்கம் இல்லை. ஒரு கூண்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பட்டப்பகலில், ஆளே இல்லாத மலையில், யாரோ நடந்து வந்து ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி ஒரு இடம்கூட இல்லை. எங்கே புதைத்தார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், நான் கேட்டதில்லை, வேலிக்கருவைக்குப் பக்கத்தில் என்று அண்ணன் மனைவியிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. இன்றைக்குப் போனதற்கு அதுவும் கிடையாது. இருந்ததா இல்லையா என்றே தெரியாத ஒன்று, அதற்குப் போய் அழுதால் எதற்கு அழுகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? ஒன்றுமில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பஸ் ஒவ்வொரு வளைவிலும் என்னை அவர் மேல் சாய்த்தது, ஒவ்வொரு தடவையும் அவர் கை என் வயிற்றுக்கு முன்னால் குறுக்கே வந்தது, நான் போய் எதிலும் இடித்துக்கொள்ளாமல் இருக்க. அந்தக் கையைத் தள்ளிவிட வேண்டும் போல் இருந்தது. அது காவல் காத்தது காலி வயிற்றை.

தண்ணீர் தீர்ந்துவிட்டது, சர்ச்சுக்குப் பக்கத்தில் குழாய் இருக்கிறது, பிடித்துக்கொண்டு வருகிறேன் என்று எழுந்திருக்கிறார். அது வரைக்கும் நீ பையைப் பார்த்துக்கொள் என்கிறார். கூழாங்கல்லில் செருப்பு வழுக்க வழுக்கப் போகிறார், தண்ணீர் ஓரமாகப் போனால் சுலபமான வழி, ஈரத்தில் தரை கெட்டியாக இருக்கிறது, அப்படிப் போகாமல் மேட்டோடு போகிறார். அவர் முதுகு மறைந்ததும் அவருடைய பையைப் பிரிக்கிறேன். திருடி நான்தான், இவ்வளவு நாள் காவல் இருந்தது என் மாதிரி ஆளுக்குத்தான் போலிருக்கிறது. சட்டை, பேட்டரி விளக்கு, மருந்து டப்பா, முட்டிக்குத் தைலம். சவரப் பெட்டி, உள்ளே பிரஷ் உலர்ந்து ஈர்க்குச்சியாக இருக்கிறது. கையை இன்னும் உள்ளே விட்டால் அடியோ அடியில், முதுகு படும் பக்கமாக, பாக்கெட் தட்டுப்படுகிறது. சீக்கிரம் தேவைப்படாததைத்தான் அடியில் வைக்க வேண்டும், அதுதான் பை அடுக்குகிற முறை, எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். நீண்ட நாளைக்குத் தேவைப்படாது என்று வைத்திருக்கிறார். தூக்கிப் போட்டுவிடவும் இல்லை, அந்த அளவுக்கு நம்பவும் பயம். எடுத்து என் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு மரங்களுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் டீக்கடையின் வெளிக் கழிப்பறைக்குப் போகிறேன். பைகளை அப்படியே விட்டுவிட்டுத்தான் போகிறேன், யாரும் தொடவில்லை. கழிப்பறைச் சுவரில் துருப்பிடித்த கண்ணாடி, அதில் என் முகம் அம்மாவின் முகமாகத் தெரிகிறது, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததால் இருக்கும். சத்தம் வராமல் அழுதேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் சத்தமாகவும் அழுதேன். இருந்ததோ இல்லையோ, நான் அதற்குப் பயந்தேன், அதனால் ஆரஞ்சு தின்றேன், இடது பக்கம் திரும்பிப் படுத்தேன், மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்தினேன். அதெல்லாம் இருந்தது. அது போதும் அழுவதற்கு. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு மேட்டில் வந்துகொண்டிருந்தார், தூரத்திலிருந்தே சிரித்துக்கொண்டு, தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு தையல் என்று சொல்லிக்கொண்டே. வெயில் தாடியில் விழுந்தது. அதில் நரை இருக்கிறது, இதுவரை சவரத்தில் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

உட்கார்ந்து பாட்டிலை என்னிடம் நீட்டினார். குடித்தேன், நிஜமாகவே ஜில்லென்று இருந்தது. எவ்வளவோ மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன் காலையிலிருந்து, பஸ்ஸில் ஒரு மாதிரி, கழிப்பறையில் ஒரு மாதிரி, கடைசியில் வாயில் வந்தது இதுதான்.

"இங்கர்சால், நான் பையப் பாத்துக்கறேன். நீங்க கடல்ல போய்க் குளிச்சிட்டு வாங்க."

அவர் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். திருகி முடித்து, இன்னும் திருகினார், அதற்கு மேல் அது போகாது. என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார். நான் சரியாகக் கட்டாமல் விட்டிருந்த அதன் வாயைப் பார்த்தார்.

"எப்போ?" என்றார்.

"காலையில."

தலையை ஆட்டினார், வகுப்பில் ஒரு பையன் சரியான விடை சொன்னால் ஆட்டுவாரே, அப்படி. அப்புறம் கைக்கடிகாரத்தைக் கழற்றினார், வார் முடியில் சிக்கிக்கொண்டது, நான்தான் விடுவித்தேன். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டார், வலிக்குதா என்று கேட்டார், கொஞ்சம் என்றேன். கடிகாரத்தை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு எழுந்தார். சட்டையைக் கழற்றவில்லை. செருப்பைக் கழற்றவில்லை. மேட்டிலிருந்து நேராக இறங்கிப் போனார், கணுக்கால், முட்டி, இடுப்பு, சட்டை உப்பிக்கொண்டு முதுகில் எழுந்தது. நீந்துவார் என்று நினைத்தேன், கொள்ளிடத்தில் நீந்திய ஆள், ஒரே பாய்ச்சலில் போவார் என்று. நீந்தவில்லை. நின்ற இடத்திலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையோடு முங்கினார். எழுந்தார், மறுபடி முங்கினார். எங்கள் ஊரில் காரியம் முடிந்து குளத்தில் முங்குகிறவர்கள் முங்குவதுபோலவே இருந்தது, போன வருஷம் முங்காமல் வந்ததையும் சேர்த்து முங்குவதுபோல. பிறகு கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். தோள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது. குளிரால் இருக்கலாம் என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை. பாறை ஓரத்து வெள்ளைக்காரி எழுந்து உட்கார்ந்து, சட்டை பேண்ட்டோடு கடலில் நிற்கும் மனுஷனை வேடிக்கை பார்த்தாள்.

கடிகாரத்தை அவருடைய பைக்குள் போட்டேன். இரண்டு பைகளும் மரத்தடியில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன. எழுந்து நடந்தேன். தண்ணீர் சுரீர் என்று ஏறியது, துப்பட்டா மிதந்து கொண்டுபோகப் பார்த்தது, அடிவயிற்றைத் தொட்டபோது மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். கண், மூக்கு, தாடி எல்லாம் தண்ணீர்.

"பை..." என்றார்.

"கிடக்கட்டும்" என்றேன்.